மீன்தொட்டிக்கு முந்தைய நான்கு நிமிடங்கள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மெத்தை விளம்பரத்தால் பிறந்தது.

பத்திரிகையிலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். மெத்தைக் கம்பெனிக்காரர்கள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்களாம். நடுப்பக்கம் இரண்டு காலியாக நிற்கிறதாம். எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று கேட்டேன். “ரெண்டு பக்கக் கதை சார்,” என்றார்.

பதினெட்டு வருடமாகத் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் கோபப்பட ஒன்றுமில்லை. காதலா, கொலையா என்று கேட்காமல் அளவை மட்டும் சொன்னதில் ஒரு நேர்மைகூட இருந்தது. சரி என்று போனை வைத்தேன். வைத்ததும் மீன் ஞாபகம் வந்தது.

பத்து நாளைக்கு முன்னால் முடிவெட்டும் கடையில் என் முறைக்குக் காத்திருந்தேன். சுவரில் டிவி. உள்ளூர் சேனல், பதினேழாம் எண். அதில் ஒரு மீன்தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மீன்கள், ஒரு பிளாஸ்டிக் கோட்டை, குமிழிகள். பேச்சு இல்லை, எழுத்து இல்லை. கடையில் இருந்த ஐந்து பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். சேனலை மாற்றச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பாதி முகம் சோப்பு நுரையோடு இருந்த ஒருவர், “அந்தக் கறுப்பு மீன் இப்ப திரும்பும் பாருங்க,” என்றார். திரும்பியது. எங்களுக்கெல்லாம் பரம திருப்தி.

அப்போதுதான் தோன்றியது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து, ‘இப்போது மீன்’ என்று முடிவு செய்திருக்கிறார். யார் அவர்?

அந்தக் கேள்விதான் கதை. மீதி என் கைச்சரக்கு. (முடிவெட்டும் கடை விஷயத்தில் ஒன்றை மட்டும் இங்கே மறைத்திருக்கிறேன். இடம் மிஞ்சினால் கடைசியில் சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்:

நகரம் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த வேளையில், அந்த நகரத்தின் அன்றைய நாளை ஒரு பெண் தன் விரல் நுனியில்

வேண்டாம். இப்படி ஆரம்பித்த தொடர்கதை ஒன்று ஐம்பத்தோரு வாரம் ஓடியது. அந்த நகரம் சோம்பல் முறித்து முடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று.

இரண்டாம் தொடக்கம்:

“ஐயோ, மீன் எங்கே?” அலறிக்கொண்டே அவள்

இதுவும் வேண்டாம். வார இதழ் வாசகர்களுக்கு அலறல் பிடிக்கும் என்பார்கள். ஆனால் இவள் அலறுகிற ரகம் இல்லை. அலறுவதற்கு இரண்டு வினாடி வேண்டும், அதற்குள் ஒரு பொத்தானைத் தட்டிவிடலாம் என்று நினைக்கிற ரகம்.

அதனால் நேராகச் சொல்கிறேன். அவள் அந்த உள்ளூர் சேனலில் அட்டவணை போடுகிறவள். எத்தனை மணிக்கு எது, எவ்வளவு நேரம், அடுத்தது எது என்று தினமும் ஒரு தாள் தயாரிப்பவள். ஆபீஸில் அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர். காரணம் சீக்கிரமே தெரிந்துவிடும்.

3

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் முதலாளி. ஒன்றில் ஸ்டூடியோ, அதாவது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பின்னால் நீலத் துணி. மூன்றாவதில் நிமிஷக்காவும் ஒளிபரப்புக் கணினியும்.

முதலாளி முன்பு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஒளிபரப்பில் ஏதாவது கோளாறு என்றால் இப்போதும் முதலில் கணினியின் மேல் காதை வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பார். இன்னொருவர் கேமரா, கேபிள், விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். தோளில் எப்போதும் ஒயர் சுருள் தொங்கும். பெயரும் ஒயர்தான்.

டிவி சேனல் நடத்துவதில் என்ன கஷ்டம் என்று கேட்டால் எல்லோரும், எதைக் காட்டுவது என்பதுதான் என்பார்கள். தப்பு. காட்டுவதற்கு எது வேண்டுமானாலும் கிடைக்கும். இந்த ஊரில் பேச விரும்பாதவர் யார் இருக்கிறார்? கஷ்டம் நீளத்தில் இருக்கிறது. காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை பதினைந்து மணி நேரம். அதற்குள் அடைக்க வேண்டிய எதுவும் சரியான அளவில் வருவதில்லை. பள்ளி ஆண்டு விழா இருபத்தேழு நிமிடம் நாற்பது வினாடி. உடற்பயிற்சி ஆசிரியரின் அரைமணி நேரம் இருபத்திரண்டாவது நிமிடத்தில் அவருக்கு மூச்சு வாங்குவதால் முடிந்துவிடும். நகரசபைக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருமுறை எல்லா உறுப்பினர்களும் எல்லாவற்றுக்கும் சம்மதித்து ஒன்பது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த மாதம் ஒரு சாக்கடை மூடி விஷயத்தில் நான்கு மணி நேரம்.

இந்த ஓட்டைகளை எல்லாம் அடைக்க நிமிஷக்காவிடம் துண்டுகள் இருந்தன. ரவுண்டானாவைச் சுற்றும் வண்டிகள், ஒரு நிமிடம் பத்து வினாடி. பூங்கா நீரூற்று, மூன்று நிமிடம். முதலாளி அறையிலிருந்த மீன்தொட்டி, வேண்டிய மட்டும். சட்டைக்குத் தையற்காரர் ஒட்டுப்போடுவதுபோல அவள் நாளுக்கு ஒட்டுப்போட்டாள். பதினோரு வருடமாக.

இதனால் அவள் மண்டைக்குள் உலகமே அளவாக மாறியிருந்தது. எதிர்வீட்டுக்காரரின் புலம்பல் ஆறு நிமிடம். முதலாளியின் கோபம் ஒன்றரை. அது முடியும்வரை அவர் முகத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டு, முடிந்ததும் “சரி சார்,” என்பாள். ஒரு வினாடி முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதி கணினியில் இருந்தது. ஒருநாள் தானாக ஓடி, ஓர் இரங்கல் செய்திக்குப் பின்னால் சிரிப்புத் துணுக்குகள் வந்ததிலிருந்து முதலாளி அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் அவள்தான் கையால் தட்டிவிட வேண்டும்.

(இந்தப் பத்தியை மறந்துவிடாதீர்கள். பிறகு ‘முன்னாடியே சொல்லவில்லையே’ என்று கடிதம் போடக் கூடாது.)

4

இப்போது மாமியார்.

இந்தப் பாத்திரத்தை எழுத எனக்குத் தயக்கம். வார இதழ்க் கதையில் மாமியார் என்றதும் வாசகர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுகிறார். சண்டை வரப்போகிறது என்று எதிர்பார்க்கிறார். சண்டை வரும். நீங்கள் நினைக்கிற சண்டை இல்லை.

இந்த மாமியார் முப்பத்தொரு வருடம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனைக்கு வந்தது, எவ்வளவு தாமதம், என்ன காரணம். நான்கு கட்டம். டிரைவர்கள் கெஞ்சுவார்கள். “அம்மா, ரெண்டு நிமிஷம்தானே, கொஞ்சம் பாத்துப் போடுங்க.” பார்த்துத்தான் போடுவார். கடிகாரத்தைப் பார்த்து.

ஓய்வு பெற்றதும் வீட்டில் பஸ் இல்லை. மருமகளின் சேனல் இருந்தது. ஒரு நீளமான நோட்டை வாங்கி, அதே நான்கு கட்டத்தைப் போட்டார். மருமகள் முதல் நாள் கொண்டுவரும் அட்டவணைத் தாளிலிருந்து முதல் கட்டத்தை நிரப்புவார். மறுநாள் காலை ஆறு மணிக்கு டிவிக்கு எதிரே உட்கார்ந்து மற்ற மூன்றையும் நிரப்புவார். கட்டாயப்படுத்தியவர் யாரும் இல்லை.

நிமிஷக்கா வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே தொடங்கும்.

“மத்தியான செய்தி ஒரு மணி ரெண்டு நிமிஷத்துக்கு வந்தது.”

“செய்தி வாசிக்கறவர் மாடிப்படில இருந்தார் அத்தை.”

“அப்ப காரணத்துல மாடிப்படின்னு போட்டுக்கறேன்.”

(இந்த வீட்டில் ஒரு கணவரும் இருந்தார். இரண்டாம் வரைவில் அவரை வெளியூர் வேலைக்கு அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு காட்சியிலும் வந்து நின்று, அம்மா முகத்தையும் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கெல்லாம் இரண்டு பக்கத்தில் இடம் இல்லை.)

5

கதைக்கு ஆபத்து வேண்டும். அது கடித ரூபத்தில் வந்தது.

கேபிள் கம்பெனி எழுதியிருந்தது. உங்கள் சேனலில் அடிக்கடி திரை கறுத்துவிடுவதாகப் புகார். அடுத்த முப்பது நாட்களில் ஒளிபரப்பு நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒருமுறை திரை கறுத்தாலும் பதினேழாம் எண் பறிக்கப்படும். அதைப் பாத்திரம் விற்கும் சேனல் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுநூற்று நாற்பத்திரண்டுக்குப் போவீர்கள். ஆதாரமாக, நிலையத்தில் வேலை பார்க்காத ஒரு பார்வையாளரின் தினசரிப் பதிவைத் தர வேண்டும்.

எழுநூற்று நாற்பத்திரண்டு என்றால் என்ன என்று ஒயருக்குத் தெரியும். “அங்கல்லாம் யாரும் வர மாட்டாங்கக்கா. தொலைஞ்சு போனவங்கதான் வருவாங்க.”

முதலாளி அதைவிடத் தெளிவாகச் சொன்னார். அந்த எண்ணுக்குப் போய்விட்டால் புது நிகழ்ச்சி எடுக்கப் போவதில்லை. கணினியில் மீனை மட்டும் பதினைந்து மணி நேரம் சுற்றவிடுவார். மீனுக்கு அட்டவணை தேவையில்லை. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. (அவரை வில்லனாக்கலாமா என்று ஒரு பிற்பகல் முழுக்க யோசித்தேன். கணினி மேல் காதை வைக்கிற மனிதரை வில்லனாக்க மனசு வரவில்லை.) ஆனால் பதினோரு வருட வேலை போய்விடும் என்பது நிமிஷக்காவுக்குப் புரிந்தது.

கடிதத்தை மறுபடி படித்த முதலாளியின் முகம் மலர்ந்தது. “பார்வையாளர் பதிவுதானே? உங்க மாமியார் எழுதறாங்கல்ல? உறவா இருக்கக் கூடாதுன்னு இதுல எங்கயும் போடல.”

அவருக்குக் காரியம் பழமாகிவிட்ட சந்தோஷம். நிமிஷக்கா அவசரமாகக் குறுக்கிட்டாள். “சார், அவங்க வேண்டாம்,” என்றாள். “தெருவுல போறவங்க யாரையாவது எழுதச் சொல்லலாம். அவங்களாவது பரிதாபப்படுவாங்க.”

முதலாளி கேட்கவில்லை. அன்று மாலையே போன் போட்டு அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். முழுவதையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, “பேனா மட்டும் நல்லதா ஒண்ணு குடுத்தனுப்புங்க,” என்றாராம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நிமிஷக்கா வீட்டு டிவி ரிமோட்டில் நாலாம் எண் செத்து ஒன்றரை வருடம். பதினேழுக்கு அது தேவைப்படவில்லை. எழுநூற்று நாற்பத்திரண்டுக்குத் தேவைப்படும்.

6

முப்பது நாளில் இருபத்தெட்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எப்படி என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம் இது.

பதிவாளர் ஒரே ஆள். அவர் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும். அந்த நேரங்களில் நிகழ்ச்சி மாறினால் நோட்டில் ஓட்டை விழும். அதனால் நிமிஷக்கா, நடுவில் முடியவே முடியாத நிகழ்ச்சிகளாகப் பார்த்து அந்த நேரங்களில் வைத்தாள். குளியலுக்கு நகரசபை மறுஒளிபரப்பு. சாப்பாட்டுக்கு நூலகத் திறப்பு விழா முழு நீளம். மாத்திரைக்கு நீரூற்று. ஊர் அறியாமல் ஊரின் ஒளிபரப்பே ஓர் அம்மாவின் குளியலைச் சுற்றி அமைந்தது. சாக்கடை மூடி விவாதம் தினமும் காலை ஒன்பதரைக்கு வருகிறதே என்று ஓர் உறுப்பினர் பூரித்துப்போய் நன்றிக் கடிதம் எழுதினார்.

பதினோராம் நாள் மட்டும் ஒரு கோப்பு சிக்கிக்கொண்டு முப்பத்தெட்டு வினாடி கறுப்பு. நோட்டில் அது ஏறியது: 38 வினாடி. ‘கொஞ்ச நேரம்’ என்று போடலாமே என்று முதலாளி போனில் கேட்டுப் பார்த்தார். அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் நீடித்தது என்று நிமிஷக்கா கேட்டாள். “ஹலோன்னேன். வச்சுட்டாங்க,” என்றார்.

இருபத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை. மாலை நான்கு மணி. ‘பல் பேசும் நேரம்.’

பல் டாக்டர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நேயர்களின் தொலைபேசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரலை நிகழ்ச்சி. மூன்று ஐம்பதுக்கு டாக்டர் கூப்பிட்டார். குரல் சரியில்லை. பல்வலியாம். வர முடியாதாம்.

(இது கொஞ்சம் மலிவான நகைச்சுவைதான். வயிற்றுவலி என்று மாற்றிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.)

ஒயர் மறுநாள் கூட்டத்துக்குக் கேமரா கட்ட நகரசபைக்குப் போயிருந்தார். முதலாளி விளம்பரம் பிடிக்கப் போயிருந்தார். நிமிஷக்கா தனி. போன மாதத்துப் பதிவு ஒன்றை எடுத்து ஓடவிட்டாள். விளம்பரங்களை வெட்டி வைத்த பதிவு, அதனால் அரைமணிக்கு நான்கு நிமிடம் குறை. சரியாக நான்கு இருபத்தாறுக்கு முடியும். முடிந்ததும் மீனைத் தட்ட வேண்டும். உள்ளங்கையில் ‘4.26 மீன்’ என்று எழுதிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். அந்தப் பதிவின் மூலையில் ‘நேரலை’ என்ற எழுத்து படத்தோடு படமாக ஒட்டிப்போயிருந்தது. கீழே தொலைபேசி எண்ணும்.

நான்கு ஐந்துக்கு ஸ்டூடியோவில் மணியடித்தது.

எடுக்காவிட்டால் புகார் வரும். புகார் வந்தால் கேபிள் கம்பெனிக்குப் போகும். போய் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தாள். எதிரே மேஜையில் பிளாஸ்டிக் பல்செட் சிரித்துக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல்லில் கூச்சம் என்றார் ஒருவர். நேரில் வந்து காட்டச் சொன்னாள். டிவியில் டாக்டர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாரே என்று அவர் கேட்டார். அதை முடித்துவிட்டு உங்களிடம் வருவார் என்றாள். இன்னும் இரண்டு பேர். பேச்சுக்கு நடுவே ஓடிப்போய்க் கணினியைப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

நான்கு பத்தொன்பதுக்கு மறுபடி மணி.

“வணக்கம், பல் பேசும் நேரம்.”

“டாக்டர் இருக்காரா?”

“டாக்டர் இப்ப நேரலையில இருக்காருங்க.”

“எந்த நேரலையில?”

குரல் அப்போதுதான் உறைத்தது. “அத்தை?”

“போன மாசம் பதினாலாம் தேதி ஒன்பதாவது நிமிஷத்துல ஒருத்தர் இருமினார். இன்னைக்கும் அதே ஒன்பதாவது நிமிஷத்துல அதே இருமல். அவருக்கு வேண்டியது பல் டாக்டர் இல்ல.”

நிமிஷக்கா விஷயத்தைச் சொன்னாள். அத்தை விடவில்லை. நோட்டில் ‘நேரலை’ என்று எழுதுவதா, ‘மறுஒளிபரப்பு’ என்று எழுதுவதா? திரை ஒன்று சொல்கிறது, நடப்பது வேறு. முப்பத்தொரு வருடத்தில், வராத பஸ்ஸின் பலகையை வந்த பஸ்ஸில் மாட்டி எந்த டிரைவரும் அவரை ஏமாற்றியதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு சொந்த மருமகளே ஏமாற்றப் பார்க்கிறாள். நிமிஷக்காவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதமாக உங்கள் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் தகுந்தாற்போல ஓர் ஊரையே திருப்பி வைத்திருக்கிறேனே, அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேட்டாள். அது அத்தைக்குப் புதுச் செய்தி. “சாக்கடை மூடி எனக்காகவா?” என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சு வேறெங்கோ போனது. யார் யாருக்காக என்னென்ன செய்தார்கள் என்ற கணக்கு. அதற்கு எந்த வீட்டிலும் நேர வரம்பு இல்லை.

உலகத்தில் எல்லாவற்றின் நீளமும் தெரிந்த பெண்ணுக்கு அந்தப் பேச்சின் நீளம் தெரியவில்லை.

போனை வைத்தபோது உள்ளங்கை கண்ணில் பட்டது. ஓடினாள். திரை கறுப்பு. தட்டினாள். மீன் வந்தது. கணினி மணியில் நான்கு முப்பது, இருபது வினாடி.

நான்கு நிமிடம் இருபது வினாடி.

7

இனி நடப்பதை எழுதும்முன் ஒரு விளக்கம். அத்தை வீட்டில் போன் இருக்கும் இடத்திலிருந்து டிவியின் முதுகுதான் தெரியும். போன் பேசும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவது அவர் ஒழுங்கு. பேசி முடித்து வந்து உட்கார்ந்தபோது திரையில் மீன் நீந்திக்கொண்டிருந்தது. ஆக, கறுப்பை அவர் பார்க்கவில்லை. ஊரில் யாரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.

மாலை ஏழு மணி. நிமிஷக்கா செருப்பைக் கழற்றினாள். வழக்கமான குரல் வரவில்லை. அத்தை சாப்பாட்டு மேஜையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனா மூடி கழற்றியிருந்தது. ஒரே ஒரு வரி காலி.

“பல் டாக்டர் எத்தனைக்கு முடிஞ்சது? மீன் எத்தனைக்கு ஆரம்பிச்சது?”

அந்த நோட்டுக்காக அவர் இன்னொருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நிமிஷக்கா பையிலிருந்து தாளை எடுத்தாள். “அட்டவணைப்படி டாக்டர் நாலரைக்கு முடியணும், அத்தை.”

“அட்டவணையை நான் கேக்கல. அது ஏற்கெனவே முதல் கட்டத்துல இருக்கு.”

பதினோரு வருடமாகக் காலி நேரத்தை அடைத்தே பழகியவள், அந்த மௌனத்தை அடைக்க ஒரு துண்டுகூடக் கிடைக்காமல் நின்றாள்.

“அந்த நேரத்துல நான் உங்களோட போன்ல இருந்தேன்,” என்றாள்.

அத்தை நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே போன் பேச்சுகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. 4.19 முதல் 4.30. அதைப் பார்த்தார். முன்பக்கத்துக்கு வந்து காலி வரியைப் பார்த்தார். டிரைவர் வாயைத் திறக்கும்முன்பே பஸ் எங்கே நின்றிருக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“ஒயர் தம்பி?”

“நகரசபைல.”

“உங்க சார்?”

“வெளில.”

“அப்ப பாத்தவங்க யாரும் இல்ல.”

நிமிஷக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மீனைத் தட்ட ஓடிவந்தபோது கறுப்பின் கடைசி வினாடிகளை அவள் பார்த்திருந்தாள். அதைச் சொல்லத்தான் போனாள் என்று நினைக்கிறேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

“பஸ் ஸ்டாண்டுல ஒரு வழக்கம். நாங்க சீட்டுல இல்லாதப்ப வந்து போன பஸ்ஸுக்கு நேரம் போட மாட்டோம். கேட்டும் எழுதக் கூடாது, குத்துமதிப்பாவும் எழுதக் கூடாது. கோடு போடணும். கோடு போட்டா காரணம் எழுதியே ஆகணும்.” பேனாவை எடுத்தார். “முப்பத்தொரு வருஷத்துல ரெண்டு கோடு. ஒண்ணு உன் வீட்டுக்காரன் பொறந்த அன்னைக்கு. இன்னொண்ணு எனக்கு மயக்கம் வந்தப்ப.”

ஸ்கேல் வைத்து மூன்றாவது கோட்டைப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார்: டைம் கீப்பர் இடத்தில் இல்லை. போனில்.

பேனாவை மூடினார். “சாப்பிடு. ஆறிடும்.” பிறகு, எழுந்து போகும்போது, “அந்தச் சாக்கடை மூடியை நாளையோட நிறுத்திடு. நாளன்னைக்குலேர்ந்து நான் வேற நேரத்துல குளிச்சுக்கறேன்,” என்றார்.

8

இங்கே முடித்திருக்கலாம். என் வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு, “ஒரு மாமியாரை இவ்வளவு நல்லவங்களா எழுதியிருக்கீங்களே, உங்க அம்மா படிச்சா அவங்களைச் சொல்றதா நினைச்சுக்கப் போறாங்க,” என்றார்கள். மற்றபடி பாராட்டுதான்.

ஆனால் முப்பத்தொன்றாம் நாள் கேபிள் கம்பெனி அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டுவார். முப்பது நாள், ஐந்நூறுக்கும் மேல் வரிகள், ஒரு முப்பத்தெட்டு வினாடி, ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் விரலை வைப்பார். எதிரே நிமிஷக்கா நிற்கிறாள். அவர் என்ன செய்வார்?

முடிவு அ: விரலை எடுத்துவிட்டு, இப்படி ஒரு நோட்டை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கண் கலங்குகிறார். (கேபிள் கம்பெனி அதிகாரி. கண். கலங்குகிறார். வேண்டாம்.)

முடிவு ஆ: “கோடுன்னா கறுப்புதானே?” என்கிறார். நிமிஷக்கா “ஆமா” என்கிறாள். ஏனென்றால் கேட்டால் அவள் பொய் சொல்ல மாட்டாள். கேட்காதபோது வாயை மூடிக்கொண்டிருப்பது பொய்யா என்று இரண்டு ராத்திரி யோசித்துவிட்டு வந்திருக்கிறாள்.

முடிவு இ: அதிகாரி நோட்டைத் திறக்கும் நேரத்தில் கணவர் வெளியூரிலிருந்து வந்து

போய் உட்காருங்கள் சார்.

இந்த இடத்தில் உதவி ஆசிரியரின் போன். மெத்தைக் கம்பெனிக்காரர்கள் மனம் மாறிவிட்டார்களாம், ஆனால் கால் பக்கத்துக்கு மட்டும். “முடிவுல கொஞ்சம் வெட்டிக்கலாமா சார்?”

வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். முடிவு என்னிடம் இல்லை.

மறைத்து வைத்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று முடிவெட்டும் கடையில் நான் பார்த்தது மீன் மட்டும் இல்லை. மீனுக்கு முன்னால் நான்கு நிமிடம் திரை கறுத்துக் கிடந்தது. பல் டாக்டர் மறைந்ததும் கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு டிவியின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சற்று நேரம் கழித்து இன்னோர் அறை. மீன் வந்தது. “என் கை பட்டாத்தான் கேக்கும்,” என்று பெருமையாகச் சொன்னார். நாங்களும் நம்பினோம். இந்தக் கதையில் நான் கற்பனை செய்யாதது திரையில் வந்த அந்தப் பல் டாக்டர், அந்த இருட்டு, அந்த மீன், இவ்வளவுதான். நிமிஷக்காவை, அத்தையை, கோட்டை எல்லாம் அந்த இருட்டை அடைக்கத்தான் கொண்டுவந்தேன்.

அதில்தான் ஒரு தப்பு செய்துவிட்டேன். பார்த்தவர் யாரும் இல்லை என்று அத்தை நம்பினார். நானோ ஆறாம் பகுதியில் வினாடிக் கணக்கோடு உங்களிடம் போட்டு உடைத்துவிட்டேன். இப்போது பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறீர்கள்.

ஆகவே அதிகாரியின் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். நோட்டு உங்கள் முன்னால் திறந்திருக்கிறது. கோட்டின் மேல் உங்கள் விரல். பக்கத்தில், டிரைவர்களின் கெஞ்சலுக்கு மசிந்து பழகாத கையெழுத்தில், ‘டைம் கீப்பர் இடத்தில் இல்லை.’ எதிரே நிற்பவளிடம் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்காமல் பக்கத்தைத் திருப்பியும் விடலாம். திருப்ப ஒரு வினாடிகூட ஆகாது.

நிதானமாக யோசியுங்கள். அதுவரை அவள் மீனைப் போட்டிருக்கிறாள்.

ஆனால் கேட்பதென்று முடிவு செய்தால், போகிற வழியில் ஒரு ரிமோட் வாங்கிக்கொண்டு போய் அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். நாலாம் எண் வேலை செய்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.